பச்சை நூல் கட்டிய சாவி

மார்ச் 30, ஞாயிறு

கேள்வி கேட்டவளையே அனுப்பி வைக்கிறார்கள்.

ஆறாம் வகுப்புப் பெண்களுக்குச் சிறுமலையில் கோடை முகாம், இரண்டு இரவு தங்கல் என்று பள்ளியிலிருந்து செய்தி வந்ததுமே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நான் ஆரம்பித்துவிட்டேன். அங்கே கிணறு உண்டா, அதற்கு மூடி உண்டா, படுக்கும் இடத்துக்கும் கழிவறைக்கும் நடுவில் வெளிச்சம் இருக்குமா, இரவில் யார் விழித்திருப்பார்கள், பாம்பு கடித்தால் எந்த ஆஸ்பத்திரி, வண்டி அங்கேயே நிற்குமா. நஸ்ரினின் அம்மா ஷகிலா, “அமுதா மேடம், நீங்களே ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துருங்களேன், நானும் கூட வாரேன்” என்று எழுதினார். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

வீட்டில் இவருக்கு ஒரே சிரிப்பு. “ஊர்ல உள்ளவுக ரத்தத்தையெல்லாம் லேப்ல டெஸ்ட் பண்ணியாச்சு. இனி மலைக்கா?”

மிருதுளா சிரிக்கவில்லை. “அம்மா, நீ போயிட்டு வந்து ‘எடம் சரியில்ல’ன்னுதான சொல்லப் போற?”

மாவு அரைக்க வேண்டியிருந்தது, எழுந்து போய்விட்டேன்.

வாசல் கிரில் கதவைப் பூட்டிவிட்டு, சாவியைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். இரண்டு வருஷமாக இந்தப் பழக்கம். அப்போது ஒரு மாலை மிருது காணாமல் போய், எல்லாத் தெருவிலும் தேடி, கடைசியில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தவளைக் கண்டுபிடித்தோம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 5, சனி

அடுப்பு மேடை ஓட்டை அடைத்தாயிற்று. எறும்பு வேறு வழி கண்டுபிடித்திருக்கிறது.

மிருது இப்போதே பை கட்டிவிட்டாள். உள்ளே டார்ச், கயிறு, பிஸ்கட், ஒரு ஸ்வெட்டர். மதுரை வெயிலில் அந்த ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்துக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறாள்.

ஏப்ரல் 12, சனி

சிறுமலைக்குப் போய் வந்தோம். வளைவுகளில் ஷகிலாவுக்குத் தலை சுற்றி, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார்.

முகாமை நடத்துகிறவர் பெர்சிஸ் டீச்சர். திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் இன்னும் விசில் தொங்குகிறது. எங்களைப் பார்த்ததுமே, “வாங்கம்மா. உங்க கேள்வியெல்லாம் ஸ்கூல்ல இருந்து அனுப்பி வச்சாங்க. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிச்சு வச்சிருக்கேன், கேளுங்க” என்றார்.

கேட்டேன். கிணற்றின் மேல் இரும்பு வலை, மனிதர் ஏறி நின்றாலும் தாங்குகிறது. நான் ஏறி நின்றேன். கேஸ் சிலிண்டர் சமையலறைச் சுவருக்கு வெளியே இருக்கிறது. கட்டில்கள் எல்லாம் ஒரே அடுக்கு. இரவில் இரண்டு பெண் ஊழியர்கள் மாறி மாறி விழித்திருப்பார்கள். ஜீப் உண்டு, ஓட்டுநர் அங்கேயே படுப்பார். மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று ஆணியில் தொங்கியது, அது கூடாது என்றேன். “சரி, எடுத்துடறேன்.” கட்டிலுக்கடியில் கொசுவர்த்தி கூடாது என்றேன். “சரி. வலை கட்டிடறேன்.” சுவிட்ச் பெட்டிக்கு மூடி இல்லை. “சரி, நாளைக்கே.” எதைச் சொன்னாலும் சரி என்கிறார். எனக்கு அது ஏனோ கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

பெண்கள் படுக்கும் கூடம் நீளமானது. ஜன்னல்களுக்குக் கம்பி இருக்கிறது. முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. பின்கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் மட்டும். திறந்தால் ஒரு பலாமரம், அதைத் தாண்டி வாழைத்தோட்டம், அதற்கப்புறம் காடு.

“இதை உள்ளே இருக்கிற யார் வேணும்னாலும் திறக்கலாமே?” என்றேன்.

“திறக்கத்தானம்மா கதவு.”

ஷகிலா எலுமிச்சம்பழத்தைக் கீழே இறக்கினார். “பொம்பளப் புள்ளைக தூங்கற எடம் டீச்சர். ஒருத்தி தூக்கக் கலக்கத்துல தெறந்துட்டு அங்கிட்டுப் போயிட்டா? என் மக தூக்கத்துல நடக்கறவ.”

“வெளிப்பக்கம் ஒரு பூட்டு போட்டுடுங்க. அப்பத்தான் எங்க மனசு ஆறும்” என்றேன்.

டீச்சர் முதல் தடவையாகச் சரி என்று சொல்லவில்லை. விசிலை உருட்டிக்கொண்டிருந்தார். “நெருப்பு கிருப்புன்னு ஒண்ணு வந்தா...”

“முன்கதவு இருக்கில்ல?”

“அதுவும் சரிதான். நீங்க பெத்தவங்க. நீங்க சொன்னா போட்டுடறேன்.”

காவலாளி சின்னாண்டி ஒரு திண்டுக்கல் பூட்டைக் கொண்டுவந்தார். கையில் வாங்கினால் தேங்காய் கனம். அதன் சாவியில் ஒரு பச்சை நூல் கட்டியிருந்தது. “நீங்களே பூட்டிப் பாருங்கம்மா” என்றார் டீச்சர். பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன், தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. அந்தச் சமயம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. தலையில் துப்பட்டாவும் முந்தானையுமாக ஓடிப் போய் வண்டியில் ஏறினோம்.

வீட்டுக்கு வந்து மிருதுவிடம் போகலாம் என்றேன். என் இடுப்பைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். பின்கதவுப் பூட்டைப் பற்றியும் பெருமையாகச் சொன்னேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடியில் வெல்லம் கூடிவிட்டது, வேப்பம்பூ தெரியவே இல்லை.

நான் வடை தட்டிக்கொண்டிருந்தபோது இவர் பேனா தேடி என் கைப்பையைக் கவிழ்த்தார். “அமுதா, இது எந்தச் சாவி?” என்றார் கூடத்திலிருந்து. “தெரியல, டப்பாவுல போடுங்க” என்றேன். ஃப்ரிட்ஜ் மேல் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று இருக்கிறது. எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத சாவிகள் எல்லாம் அதற்குள். முன்பிருந்த வீட்டுச் சாவிகூட இருக்கிறது. தூக்கிப்போட மனசு வருவதில்லை.

ஏப்ரல் 19, சனி

லேபில் கூட்டம். வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 26, சனி

இன்று ஒரு நாள் ஒத்திகைக்குப் பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போனோம். இடம் பழகட்டும் என்று பெர்சிஸ் டீச்சர் ஏற்பாடு. அம்மாக்கள் நாலைந்து பேர் போயிருந்தோம். டீச்சர் சொன்னதை எல்லாம் செய்திருந்தார். சுவிட்ச் பெட்டிக்கு மூடி, கட்டிலுக்குக் கட்டில் வலை. விளக்கு தொங்கிய ஆணியைக்கூடப் பிடுங்கியிருந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு பெண்கள் எல்லோரையும் கூடத்தில் கட்டிலில் படுத்துத் தூங்குவதுபோல் நடிக்கச் சொன்னார். ஒரே குறட்டைச் சத்தம், சிரிப்பு. துணைக்கு நான் உள்ளே மிருதுவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் முன்வாசலில் நின்று ஒரு சிவப்புத் துண்டை உதறினார்.

“இதான் நெருப்பு. இந்தப் பக்கம் ஒருத்தி வரக் கூடாது. விசில் அடிச்சதும் எழுந்திரிச்சு, வேற வழியா வெளிய போய், பலாமரத்தடியில வரிசையா நிக்கணும். தள்ளக் கூடாது, சாமான் எடுக்கக் கூடாது. புரிஞ்சுதா?”

விசில் ஊதினார். மிருதுதான் முதலில் ஓடினாள். தாழ்ப்பாளை நீக்கி, கதவைத் தள்ளினாள்.

கதவு அசையவில்லை.

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்களைத் தள்ளினார்கள். நானும் கூட்டத்துக்குள் புகுந்து, கையை நீட்டித் தள்ளினேன். வெளியே பூட்டு கடகடவென்று ஆடியது. பிறகு சிரிப்பு வேறு மாதிரி ஆயிற்று. ஒருத்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு “மிஸ்!” என்று கத்தினாள். அது நடிப்பில்லை.

“சின்னாண்டி, பூட்டத் தொறந்து வைக்கலையா? சாவியக் கொண்டா!” என்று டீச்சரின் குரல்.

“ஏங்கிட்ட ஏது டீச்சர்? உங்ககிட்டயில்ல இருக்குன்னு நெனச்சேன்!”

டீச்சர் துண்டைக் கீழே எறிந்துவிட்டு, “நெருப்பு அணைஞ்சிருச்சு, எல்லாரும் முன்னால வாங்க, மெதுவா, மெதுவா” என்றார். நஸ்ரினின் மூக்கு கதவில் இடித்து ரத்தம் வந்திருந்தது. ஷகிலா அவளைத் தலை சாய்த்து உட்கார வைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. சின்னாண்டி கடப்பாரையால் பூட்டைக் கொண்டியோடு பெயர்த்துப் போட்டார்.

திரும்பும்போது பேருந்தில் மிருது ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். கொடைரோடு தாண்டியதும்தான் பேசினாள்.

“அந்தப் பூட்டு நீ சொல்லித்தான போட்டாங்க?”

“ஷகிலா ஆன்ட்டியும் சொன்னாங்க.”

“ம்.”

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையிலிருந்து குழு கொதிக்கிறது. ‘இவ்வளவு அஜாக்கிரதையான இடத்துக்கா நம் பிள்ளைகள்?’ ‘நிஜ நெருப்பாக இருந்திருந்தால்?’ ‘முகாமை ரத்து செய்யுங்கள்.’ மதியம் பெர்சிஸ் டீச்சர் எழுதினார்: பூட்டுக்குச் சம்மதித்ததும் சாவியைத் தவறவிட்டதும் தன் பொறுப்பு, மன்னிக்கவும். யார் பூட்டச் சொன்னார்கள் என்று அவர் எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஃப்ரிட்ஜ் மேல் தூசி தட்டினேன். பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தேன், எதற்கென்று தெரியவில்லை. சைக்கிள் சாவி, பீரோ சாவி, பழைய சூட்கேஸின் குட்டிச் சாவி. பச்சை நூல். மூடி வைத்துவிட்டேன்.

புதன்கிழமை பள்ளியில் கூட்டம், அங்கே முடிவு. ரத்தானால் மிருது கோடை முழுக்க வீட்டில் இருப்பாள். பழம் நறுக்கிக் கொடுக்கலாம், கேரம் ஆடலாம். அது ஒன்றும் மோசமில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

மிருது பையைப் பிரித்துவிட்டாள். டார்ச்சை மேஜை இழுப்பறையில் வைத்தாள். ஸ்வெட்டரை மடித்து என் கையில் கொடுத்தாள். அழவில்லை, கோபிக்கவும் இல்லை. கோபித்திருந்தால் தேவலை.

லேபில் ஒரே ரத்த மாதிரியை இரண்டு தடவை பரிசோதித்தேன். கவனம் எங்கேயோ.

ஏப்ரல் 30, புதன்

கூட்டம் முடிந்து வந்தாயிற்று. அப்பளம் பொரித்துச் சாப்பிட்டோம்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். பெர்சிஸ் டீச்சர் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். புடவை, வெள்ளை ஷூ, விசில் இல்லை. விசில் இல்லாமல் சின்னவராகத் தெரிந்தார். ஒரு அப்பா எழுந்து, “ஒரு சாவிய ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதவங்க இருபது பிள்ளைங்கள எப்படிப் பாத்துப்பாங்க?” என்று கேட்டார். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பிள்ளைகள் நிற்பதுபோல்.

நான் எழுந்தேன். கைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். “பூட்டு போடச் சொன்னது நான். பூட்டினதும் நான். சாவி எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேல இருந்துச்சு” என்றேன். இவ்வளவுதான் சொன்னேன். பக்கத்தில் ஷகிலா எழுந்து நின்றுவிட்டார். “நானும்தாங்க சொன்னேன். இவுகள மட்டும் சொல்லாதீக.”

பிறகு ஒருவர், “அப்ப பூட்டே வேண்டாம்கறீங்களா? காட்டுக்குள்ள பொண்ணுங்கள வச்சுக்கிட்டு?” என்றார். பின்வரிசையிலிருந்து இவர் எழுந்தார். இவருக்குப் பேருந்துப் பணிமனையில் வேலை. கூட்டங்களில் வாயே திறக்க மாட்டார்.

“எங்க பஸ்ல அவசர வழின்னு ஒரு கதவு இருக்கு. அதுக்கு யாராச்சும் பூட்டுப் போடறோமா? உள்ள இருந்து கைப்பிடியத் தள்ளுனா தொறக்கும். வெளிய இருந்து எவனும் தொறக்க முடியாது. அதையே இந்தக் கதவுல மாட்டுனா என்ன?”

“உங்க பஸ்ல அந்தக் கதவு தொறந்து நான் பாத்ததே இல்லையே சார்!” என்று யாரோ சொல்ல, கூடமே சிரித்தது.

“தொறக்கலைன்னா எங்களுக்குத்தான் மெமோ வருது” என்றார் இவர், காது சிவக்க. “இது தொறக்கும். நான் மாட்டறேன்.”

“தூக்கத்துல நடக்கறவ தள்ளுனாலும் தொறக்குமே?” என்றார் ஷகிலா.

“மணி கட்டிடலாம்” என்றார் பெர்சிஸ் டீச்சர். அப்போதுதான் அவர் குரல் பழையபடி மைதானக் குரலாக ஆயிற்று. “கதவு அசைஞ்சா மணி அடிக்கும். நானே கதவுக்குப் பக்கத்துல படுக்கறேன்.”

ஷகிலா யோசித்தார். “அப்பச் சரி.”

ஷகிலா சரி என்றால் குழுவே சரி என்ற மாதிரிதான்.

வாசலில் டீச்சரிடம் போனேன். அவரே சொன்னார்: “சின்னாண்டி தன்கிட்ட இல்லைன்னப்பவே எனக்கு ஞாபகம் வந்துருச்சும்மா. மழையில நீங்க சாவியோட ஓடுனீங்க.”

“அப்ப ஏன் டீச்சர் சொல்லல?”

“பூட்டினது உங்க கைன்னாலும் சரின்னது என் வாய்தான? தப்புன்னு தெரிஞ்சுதான் சரின்னேன். பெத்தவங்க சொன்னா மறுக்க முடியல. இனிமே மறுப்பேன், பாத்துக்கங்க.”

சாவியை நீட்டினேன். “பூட்டே உடைஞ்சாச்சு, எனக்கு எதுக்கு? வச்சுக்கங்க” என்றார்.

டப்பாவில் போட்டுவிட்டேன்.

மே 4, ஞாயிறு

இவரும் பட்டறைக்காரர் ஒருவரும் மலைக்குப் போய்க் கைப்பிடியை மாட்டினார்கள். நானும் போனேன். சிவப்புப் பெயிண்ட் அடித்த, பேருந்தில் இருப்பதே போன்ற கைப்பிடி. சின்னாண்டி மாட்டுக் கழுத்து மணி ஒன்றைக் கொண்டுவந்து மேலே கட்டினார்.

நான் கூடத்துக்குள் தனியாகப் போய், முன்கதவை வெளியிலிருந்து சாத்தச் சொன்னேன். கைப்பிடியைத் தள்ளினேன். திறந்தது. மணி அடித்தது. உள்ளே வந்து மறுபடி தள்ளினேன். திறந்தது. “போதும்மா, கைப்பிடி தேஞ்சிரும்” என்று இவர் பலாமரத்தடியிலிருந்து சொன்னார்.

மே 9, வெள்ளி

பேருந்து காலையில் கிளம்பியது. மிருது ஏறும்போது திரும்பிப் பார்த்தாள். நான் அழுகிறேனா என்று பார்க்கத்தான். அழவில்லை. பேருந்து முக்கு திரும்பும் வரை.

பிள்ளைகளிடம் போன் கிடையாது. பெர்சிஸ் டீச்சர் தினமும் சாயங்காலம் ஒரு செய்தி அனுப்புவார். இன்றைய செய்தி: ‘எல்லாரும் நலம். புளியோதரை தீர்ந்துவிட்டது.’

மே 10, சனி

எல்லாத் திரைச்சீலைகளையும் துவைத்தேன். “துணி பாவம், விட்டுரு” என்றார் இவர்.

டீச்சரின் செய்தி: ‘எல்லாரும் நலம்.’ இரண்டே சொல். நேற்றுபோல் ஏதாவது கூடச் சேர்த்து எழுதியிருக்கலாம். திரும்பத் திரும்பப் படித்தேன்.

மே 11, ஞாயிறு

வந்துவிட்டாள். முகம் கறுத்து, துண்டைத் தொலைத்து, முட்டியில் சிராய்ப்போடு. குளிக்காமலே சாப்பிட உட்கார்ந்தாள்.

“என்னடி நடந்துச்சு?”

“ஒண்ணும் நடக்கலம்மா” என்றாள் வாயில் சோற்றோடு. “மலை அணில் பாத்தோம். நஸ்ரின் குறட்ட விடுறா. அப்பறம் அந்த பஸ் கதவு...”

நான் சாம்பார்க் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நேத்து விடியக்காலையில நஸ்ரின் பாத்ரூம்னு நெனச்சு தூக்கத்துலயே அதத் தள்ளிட்டா. மணி அடிச்சுது பாரு! பெர்சிஸ் மிஸ் ஒரே தாவு, அவ கையப் புடிச்சுட்டாங்க. திரும்பிப் பாத்தா நாங்க எல்லாரும் பலாமரத்துக்குக் கீழ நிக்கிறோம். வரிசையா. யாரும் சொல்லவே இல்லம்மா! மிஸ் எண்ணிப் பாத்துட்டு அழுதுட்டாங்க. அப்பறம் திட்டுனாங்க. அப்பறம் எல்லாருக்கும் சுக்குக்காபி.”

இவர் கேட்டுக்கொண்டே வந்து, “எந்த வழியா வந்தீங்க, முன்னாலயா பின்னாலயா?” என்றார்.

“பின்னாலதான்ப்பா. யாரும் தள்ளல. சாமானும் எடுக்கல. நான் மட்டும் டார்ச் எடுத்தேன்.”

நான் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். குளிர்ச்சியாக இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. பிறகு ஷகிலாவுக்குப் போன் செய்தேன். அவர் ஏற்கெனவே அழுது முடித்திருந்தார். இரண்டு பேரும் சிரித்தோம், எதற்கென்று சொல்லத் தெரியவில்லை.

மே 13, செவ்வாய்

சாயங்காலம் காபி குடித்துக்கொண்டிருந்தபோது மிருது கேட்டாள்: “அம்மா, நம்ம வீட்டுக்குப் பலாமரம் எது?”

“எதுக்கு?”

“நெருப்பு வந்தா எங்க போய் நிக்கணும்?”

பதில் சொல்லும் முன்பே என் தோள் துண்டை உருவிக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றாள். “இதான் நெருப்பு!” விசில் கிடையாது, வாயாலேயே ஊதினாள். இவர் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடினார், நிஜமாகவே ஓடினார். நானும் ஓடினேன். வாசல் கிரில் பூட்டியிருந்தது.

“சாவி?” என்றார் இவர்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். படுக்கையறைப் பக்கம் திரும்பினேன்.

“அங்க புகை, உள்ள போகக் கூடாது” என்றாள் மிருது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவளும் வந்து எங்களோடு நின்றாள்.

மூன்று பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எதிர்வீட்டு மீனாட்சிசுந்தரம் சார் பால் வாங்கிக்கொண்டு படியேறி வந்தார். எங்களைப் பார்த்து நின்றார். “என்னங்க, குடும்பத்தோட உள்ள போட்டுட்டாங்களா?”

மிருதுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தேன், கண்ணிலிருந்து வழிகிற வரை. மிருது என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, நான் எங்கயும் போக மாட்டேன்மா. போனாலும் சொல்லிட்டுத்தான் போவேன்.” அவ்வளவு மெதுவாகச் சொன்னாள், இவருக்குக் கேட்டிருக்காது.

இவர் கிரிலுக்கு உள்பக்கம், வெளியிலிருந்து கை எட்டாத இடமாகப் பார்த்து ஓர் ஆணி அடித்தார். மிருது நின்றபடி கையை நீட்டிப் பார்த்தாள். எட்டியது. டப்பாவிலிருந்து சிறுமலைச் சாவியை எடுத்து, அதன் பச்சை நூலை அவிழ்த்து, எங்கள் சாவியில் கட்டி மாட்டினேன். இருட்டிலும் நூல் கைக்குத் தட்டுப்படும். பிறகு மூன்று பேரும் கீழே போய், கேட் ஓரத்துப் புங்கமரத்தடியில் வரிசையாக நின்று பார்த்தோம். மிருது எண்ணினாள். மூன்று பேரும் இருந்தோம்.

இப்போது கிரில் பூட்டியிருக்கிறது. சாவி ஆணியில். பழக்கதோஷத்தில் தலையணைக்கடியில் கை விட்டேன், ஒன்றுமில்லை. தூக்கம் வருகிறது.